ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் என்ன செய்கிறது?

(பொன்விழா ஒன்றுகூடலின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

எனக்கு முன்னால் பேசிய நண்பர் சாட்டிலைட் பற்றி அருமையாகச் சொன்னார். நான் தரையை விட்டு மேலே போனதே இல்லை. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் பெரும்பகுதி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வாய்க்கால் கரைகளிலேயே கழிந்துவிட்டது. ஆகவே எனக்குத் தெரிந்ததைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஷட்டர். செயலாளரிடம் தலைப்பைச் சொன்னபோது "கடை ஷட்டரா?" என்று கேட்டார். இல்லை ஐயா, மதகு ஷட்டர்.

சிவில் படித்தவர்கள் இதெல்லாம் மூன்றாம் வருஷத்தில் படித்ததுதானே என்று நினைப்பீர்கள். படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எலெக்ட்ரிகல் நண்பர்கள் தூங்கினால் தவறாக நினைக்க மாட்டேன்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம், தண்ணீர் இருந்தால். மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அதற்கு முன்பே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலு வழி. அதற்கப்புறம் ஆறு பிரிந்து ஆறு, ஆறு பிரிந்து வாய்க்கால், வாய்க்கால் பிரிந்து கன்னி வாய்க்கால். வாய்க்கால்களுக்கே ஏ கிளாஸ், பி கிளாஸ் என்று வகுப்பு உண்டு. இப்படிப் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி வருகிறது. இவனுக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற சாமான்தான் ஷட்டர்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஆறே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் தாழ்வு, நேரான வழி. காவிரியில் மணல் மேடிட மேடிட, தண்ணீர் கொள்ளிடம் பக்கமே ஓடிக் கடலில் கலந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். திருப்பினது கொஞ்சம் அதிகமாகவே போய், பிறகு காவிரித் தலைப்பையும் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. ஓர் இடத்தில் தண்ணீரைத் தொட்டால் இன்னோர் இடத்தில் அது பதில் சொல்லும். இந்தப் பேச்சு முழுக்க அதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன்.

நம் முன்னோர் ஏரிகளில் வைத்த குமிழித் தூம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு ஆறாது. பல்லவர், பாண்டியர் காலத்து ஏரிகளில், கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் கல் தொட்டி. தொட்டியின் மேல் பலகையில் ஒரு துளை, நீரோடி. தரை மட்டத்தில் சிறிய துளை, சேறோடி. வண்டலும் சேறும் அதன் வழியே போய்விடும். நீரோடியை அடைப்பானால் மூடுவார்கள், தூண்களுக்கு நடுவே இருக்கும் கோலைத் தூக்கித் திறப்பார்கள். இதில் என்ன விசேஷம் என்றால், அடைப்பது ஏரிக்கு உள்ளே, கரைக்கு முன்னால். ஆகவே கரைக்கு அடியில் ஓடும் கல்வாய்க்குள் ஏரியின் முழு அழுத்தமும் ஏறுவதில்லை. கசிந்து கரையை அரிக்கும் பயம் குறைவு. வெளிப்பக்கத்தில் ஒரு வால்வு வைத்திருந்தால் கதை வேறு. இலங்கையில் பழைய குளங்களில் இருக்கிற பிசோகொட்டுவவும் இதே யோசனையில் செய்ததுதான்.

சரி, ஷட்டருக்கு வருகிறேன்.

கலிங்கில் தண்ணீர் மேலே வழிகிறது. ஷட்டரில் அடியில் போகிறது. இந்த ஒரு வித்தியாசம் மனசில் நின்றால் போதும், மீதி தானாக வரும்.

அடியில் போகும் தண்ணீரின் வேகம், மேல்பக்கம் எவ்வளவு உயரம் தேங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் உயரம் இரண்டு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, அதன் வர்க்கமூலம்தான். மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு கண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் இரண்டு மீட்டர் தண்ணீர் நிற்கிறது. ஷட்டரை அரை மீட்டர் தூக்குகிறோம். தண்ணீர் விநாடிக்குக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் வேகத்தில் சீறி வரும். மணிக்கு இருபத்தோரு கிலோமீட்டர். சைக்கிளில் முழுசாக மிதித்தால்தான் துரத்த முடியும்.

அரை மீட்டர் திறந்தால் அரை மீட்டர் கனத்துக்குத் தண்ணீர் வருமா? வராது. மேலே இருந்து இறங்கி வருகிற தண்ணீர், பலகையின் விளிம்பில் செங்குத்தாகத் திரும்ப முடியாமல் வளைந்து, இன்னும் ஒடுங்கித்தான் வெளியே வருகிறது. திறப்பில் நூற்றுக்கு அறுபத்தொரு பங்கு. அரை மீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர். பேருந்தின் முன் வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்க முண்டினால் படிக்குக் கீழே கூட்டம் குறுகுகிற மாதிரி. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தக் கண் வழியே விநாடிக்குச் சுமார் 5.3 கன மீட்டர், நம்ம பழைய பாஷையில் சுமார் 190 கன அடி.

இப்போது மேல்பக்கம் வெள்ளம் வந்து இரண்டு மீட்டர் நாலு மீட்டர் ஆகிறது. ஷட்டரைத் தொடவில்லை. தண்ணீர் எவ்வளவு கூடும்? ஒன்றரை மடங்கு கூட ஆகாது. அதே இடத்தில் ஒரு கலிங்கு இருந்து, அதன் மேல் வழியும் உயரம் இரண்டு மடங்கானால், போகிற தண்ணீர் 2.8 மடங்கு. ஷட்டர் மந்தமானது, கலிங்கு சுறுசுறுப்பானது. யாருக்காவது பங்கு ஏறக்குறைய மாறாமல் கொடுக்க வேண்டுமென்றால் அடியில் விடு. ஓர் இடத்தில் மட்டம் ஏறாமல் காக்க வேண்டுமென்றால் மேலே வழிய விடு. எனக்கு முதல் உயரதிகாரியாக வாய்த்தவர் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம் இது. இதை விட உபயோகமான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. இதுவரை சொன்னது கீழ்ப்பக்கம் தண்ணீர் தாழ்ந்து இருக்கும்போது. கீழ்ப்பக்கத் தண்ணீர் ஏறி வந்து ஷட்டர் வாயையே மூழ்கடித்துவிட்டால், மேல்பக்க உயரம் முக்கியமில்லை, இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும். மேலே இரண்டு மீட்டர், கீழே ஒன்றே முக்கால் என்றால் தள்ளுவது கால் மீட்டர்தான். விவசாயி வந்து, "ஷட்டர் போன வருஷ அளவுக்கே திறந்திருக்கு சார், தண்ணி மட்டும் வரலை" என்பார். சில பேர் அவர் பொய் சொல்வதாக நினைப்பார்கள். போய்ப் பார்த்தால் கீழே இரண்டு மைலுக்கு ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கும். அடைப்பு இருப்பது கீழே, அடி வாங்குவது மேலே இருக்கும் ஷட்டர். திறப்பை மட்டும் நோட்டில் எழுதி, கீழ்க் கேஜை எழுதாத ரிஜிஸ்தரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த எண் ஒன்றுக்கும் ஆகாது.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடைமடை.

இந்த வார்த்தையைச் செய்தித்தாளில் வருஷா வருஷம் படிக்கிறோம். "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை." கடைசி மடை, அவ்வளவுதான் பொருள். ஒரு தடவை கடற்கரைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் வயலில் நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது. அவர் கேட்டதை அப்படியே சொல்கிறேன்: "ஏஞ் சார், பஞ்சம்னா மேலத்தான் முதல்ல எடுத்துக்கிறான், நமக்கு இல்லே. சரி, அது புரியுது. வெள்ளம் வந்தா அவனும் பங்கு எடுத்துக்கணும்ல? அது மட்டும் எப்படி முழுசா எங்க தலையிலே வந்து விழுது?"

நான் என் நோட்டை எடுத்து, வரப்பில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை இங்கே ரவுண்டு எண்ணில் சொல்கிறேன்.

ஒரு வாய்க்காலில் 1,000 கன அடி வருகிறது, நாலடி ஆழம். வழியில் இருக்கிற தலைமடை மதகுகள் எல்லாம் சேர்ந்து 500 எடுக்கின்றன. மீதி 500 கடைமடைப் பக்கம். ஆழம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் பதினாறு சதவீதம் குறையும். அதாவது 840. ஆனால் தலைமடை மதகுகள் அடியில் விடுகிற மந்த ஜாதி. அவற்றின் மேல் நிற்கும் மூன்றடி, இரண்டடி ஏழே கால் அங்குலமாகக் குறைந்தால், எடுப்பது ஏழு சதவீதம்தான் குறையும். 500-க்கு 465 எடுத்துக்கொள்கின்றன. 840-ல் 465 போனால் 375. கடைமடைக்கு நஷ்டம் இருபத்தைந்து சதவீதம்! மேலே ஒருத்தரும் திருடவில்லை, ஒரு ஷட்டரையும் யாரும் தொடவில்லை. வர்க்கமூலம் செய்த வேலை.

இப்போது வெள்ளம். ஆழம் பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது. வாய்க்காலில் 1,170. தலைமடைகள் எடுப்பது 530. மிச்சம் 640, அவ்வளவும் கீழே. கடைமடைக்கு இருபத்தெட்டு சதவீதம் கூடுதல், அவர் கேட்காத நேரத்தில். வயலில் மழைத் தண்ணீரே வடியாமல் நிற்கும்போது இதுவும் சேரும்.

பெரியவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கணக்கே எங்களுக்கு விரோதமா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் ஐயா என்றேன். வேறென்ன சொல்ல?

அது யாராலும் மாற்ற முடியாத விதி என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் பதினாறு சதவீதம் குறைந்தால், தலைமடை ஒவ்வொன்றையும் ஒரு லஸ்கர் நடந்துபோய் அந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையும். குறுக்கே ஒரு ரெகுலேட்டரைக் கட்டி மட்டத்தைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மட்டம் தூக்கி நிறுத்தினால் தலைமடை முழு 500-ஐயும் எடுத்துவிடும், கடைமடைக்கு 340-தான்! குறுக்கு ரெகுலேட்டர் வைத்தால் தலைமடை ஷட்டரை அசைக்கிற கை இன்னும் அதிகமாக வேண்டும், குறைவாக இல்லை. அந்தக் கை இல்லாத இடத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது ஒன்றே வழி. இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு என்று. அதிலும் முறை மாறும் இரவில் தகராறு வரும்.

தகராறு என்றதும் செங்கல் நினைவுக்கு வருகிறது. ஷட்டரை இறக்கும்போது அடியில் ஒரு செங்கல்லைத் தள்ளி விட்டுவிடுவார்கள். மேலே பார்த்தால் ஷட்டர் மூடியிருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு மீட்டர் அகல ஷட்டரில் மூன்று அங்குலச் சந்து, மேலே ஒரு மீட்டர் தண்ணீர் என்றால், அதன் வழியே ஏழு கன அடி போகும். ஏழுதானே என்கிறீர்களா? ஒரு ராப்பகலில் பதினாலு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் அது. ஒரு செங்கல்!

அடுத்து, தண்ணீர் ஷட்டரைத் தாண்டின பிறகு என்ன ஆகிறது என்பது. இதில்தான் கட்டடமே நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

முப்பது சென்டிமீட்டர் கனத்தில், ஆறு மீட்டர் வேகத்தில் சீறிய தண்ணீர் அப்படியே ஓடிப் போக முடியாது. கீழே மெதுவாக ஓடும் ஆழமான தண்ணீரை அது சந்திக்க வேண்டும். சந்திக்கிற இடத்தில் தண்ணீர் திடீரென்று மேலே எழும்பிப் புரண்டு, வெள்ளை வெளேரென்று நுரைக்கும். ஹைட்ராலிக் ஜம்ப். நீர்த்தாவல் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புரளலில்தான் தண்ணீரின் வெறி அடங்குகிறது. நான் சொன்ன உதாரணத்தில் அது தாவி ஏறி நிற்கும் உயரம் சுமார் 1.3 மீட்டர். வீட்டிலேயே பார்க்கலாம், சிங்க்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாக மெல்லிசாக ஓடி, ஓரிடத்தில் தடித்து ஒரு வளையம் கட்டுகிறதே, அது இதன் தம்பி.

கீழ்ப்பக்கத்தில் அந்த 1.3 மீட்டர் ஆழம் இருந்தால் தாவல் ஷட்டருக்கு அருகிலேயே, காங்கிரீட் தளத்தின் மேலேயே நடக்கும். ஆபத்தில்லை. ஆழம் ஒரு மீட்டர்தான் என்றால் தண்ணீருக்குத் தடை போதாது. தாவல் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போகும், தளத்தைத் தாண்டி வெறும் மணலில் போய் நடக்கும். மணல் தாங்குமா? குழி விழும். குழி பின்னோக்கி வளர்ந்து தளத்தின் விளிம்புக்கு அடியில் நுழையும். மேலே பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவேதான் பத்துக் கண் உள்ள ரெகுலேட்டரில் ஒரு கண்ணை முழுசாகத் திறந்து மற்றதை மூடி வைக்கக் கூடாது என்பது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம், இரண்டு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். முதலில் கொஞ்சம் விட்டுக் கீழ்மட்டம் ஏறட்டும், பிறகு இன்னும் கொஞ்சம். அவசரம் கூடாது. ஒரு ஷட்டர் சிக்கிக்கொண்டது என்பதற்காகப் பக்கத்து ஷட்டரை இரண்டு மடங்கு தூக்குவது, நாலு வருஷம் கழித்து வரப்போகிற செலவுக்கு இன்று கையெழுத்துப் போடுகிற மாதிரி.

கீழ்ப்பக்க ஆற்றுப் படுகையே தாழ்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதிலிருந்தே நீங்கள் சொல்லிவிடலாம். படுகை ஒரு மீட்டர் இறங்கினால், அதே வெள்ளத்துக்குக் கீழ்மட்டமும் இறங்கும். நூறு வருஷத்துக்கு முன் சரியாகக் கணக்குப் போட்டுக் கட்டின தளம் இப்போது குட்டையாகிவிடும். தளம் மாறவில்லை, ஆறு மாறிவிட்டது. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. நூற்று எண்பது வருஷத்துக் கட்டடம். வயசு என்றார்கள், மணல் அள்ளியது என்றார்கள், பராமரிப்பு என்றார்கள். நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டித் தடுத்து, பிறகு கீழே புதுக் கதவணையே கட்டி முடித்தார்கள். ஆனால் ஒன்று. ஆற்றில் ஒரு லாரி மணல் எடுக்கிறபோது மேலே ஏதோ ஒரு ரெகுலேட்டரின் நீர்த்தாவல் ஒரு அங்குலம் நகர்கிறது என்று நம் பாடப்புத்தகமே சொல்கிறது. அங்குலக் கணக்கு என் அலங்காரம்; நகர்வது நிஜம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் இதுவரை பொறுமையாக இருந்தார்கள். இனி உங்கள் பேட்டை.

மூன்று மீட்டர் அகல ஷட்டர் மூடியிருக்கிறது, பின்னால் நாலு மீட்டர் தண்ணீர். அதை அமுக்குகிற விசை சுமார் 24 டன். தண்ணீர் பாதியானால் விசை கால்வாசியாகும், இரண்டு மடங்கானால் நாலு மடங்காகும். இந்த 24 டன் ஷட்டரைத் தள்ளவில்லை, பக்கத்துக் காடியோடு சேர்த்து அமுக்குகிறது. தூக்கும்போது அந்த உராய்வை ஜெயிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் எட்டு டன், அதோடு ஷட்டரின் சொந்த எடை. ஒரு மனிதன் கைப்பிடியைச் சுற்றி இதைத் தூக்குகிறான் என்றால் அது திருகுத் தண்டும் கியரும் செய்கிற உபகாரம். அந்தத் தண்டில் கிரீஸ் இல்லை என்றால் உபகாரமும் இல்லை.

திருகில் இன்னொரு நன்மை, கீழேயும் தள்ளலாம். சங்கிலிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. பெரிய அணைகளில் சங்கிலி, எதிர் எடை வைத்துத் தூக்கும் ஷட்டர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் அப்படி ஒரு ஷட்டர் உடைந்தது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையில் 19-வது ஷட்டரின் சங்கிலி அறுந்து, ஷட்டரே வெள்ளத்தோடு போய்விட்டது. ஷட்டர் நிபுணர் கண்ணையா நாயுடு வந்தார். அணையைக் காலி செய்யாமலே, ஓடுகிற தண்ணீரில், எஃகுத் தடுப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கி ஒரு வாரத்துக்குள் அடைத்துவிட்டார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, ஓடும் வாய்க்காலில் ஒரு கதவை இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, கிரிக்கெட்டா என்று கேட்டாள்.

உராய்வே வேண்டாம் என்றுதான் வளைந்த ஷட்டரைக் கண்டுபிடித்தார்கள், ரேடியல் கேட். அதன் முகம் ஒரு வட்டத்தின் துண்டு, வட்டத்தின் மையத்தில் அச்சாணி. தண்ணீர் எங்கே தள்ளினாலும் விசை அச்சாணி வழியாகவே போகும். ஆகவே தூக்குவது சுலபம். அழகான யோசனை! ஆனால் அத்தனை விசையும் அந்த ஒரு ஆணியில் வந்து உட்காருகிறது. அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஃபோல்சம் அணையில் 1995 ஜூலை 17-ஆம் தேதி ஒரு ரேடியல் கேட் திறந்துகொண்டிருக்கும்போதே மடங்கி விழுந்தது. அச்சாணி துருப்பிடித்து உராய்வு வருஷக்கணக்கில் ஏறிப்போய், கையில் இருந்த இணைப்புக் கம்பிகள் தாங்கவில்லை. டிசைன் பண்ணும்போது அந்த உராய்வைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அத்தனை பெரிய தேசத்திலும் கதை அச்சாணியில் போய் முடிந்தது.

இப்போது மோட்டார் வந்துவிட்டது, ஆபீஸில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் ஷட்டர் ஏறுகிறது, மட்டம் திரையில் தெரிகிறது. நல்லதுதான், மழை இரவில் வழுக்கும் பாலத்தின் மேல் ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஷட்டர் அடியில் ஒரு மரக்கட்டை சிக்கியிருந்தால் கையால் சுற்றுகிறவனுக்குக் கைப்பிடியிலேயே தெரியும், நிறுத்திவிடுவான். மோட்டாருக்குத் தெரியாது. அது தள்ளிக்கொண்டே போய்த் திருகுத் தண்டை வில் மாதிரி வளைத்துவிடும். அதை நிறுத்துவதற்கு வைத்த ஸ்விட்ச் துருப்பிடித்துப் போயிருந்ததை நான் ஒன்றிரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

என் பிரிவில் ஒரு லஸ்கர் இருந்தார். என்னை விடப் பதினைந்து வயசு பெரியவர், நான் அண்ணன் என்பேன், அவர் என்னை சார் என்பார். படிப்பு ஐந்தாவது. கேஜ் பார்க்காமல், சத்தத்தைக் கேட்டே "சார், கீழ மட்டம் இறங்கிடுச்சு, தண்ணி தளத்தைத் தாண்டி அடிக்குது" என்று சொல்லுவார். போய்ப் பார்த்தால் நுரை பத்தடி தள்ளிப் போயிருக்கும். தாவல் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. "தண்ணி உருளுது" என்பார், அது சரியான இடத்தில் இருந்தால். இடம் மாறினால் "தண்ணி கிழிக்குது" என்பார். இந்த இரண்டு வினைச்சொல்லையும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

மூடுவதைப் பற்றியும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சமயம் ஒரு வாய்க்காலில் கரை உடைப்பு என்று செய்தி. கீழே உடைப்பை அடைக்க வேண்டும், மேலே தலைப்பு மதகை உடனே மூடு என்று எல்லோரும் கத்துகிறார்கள். கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறக்கினார், நிறுத்தினார், பீடி பற்ற வைத்தார், மறுபடி கொஞ்சம் இறக்கினார். ஜனங்கள் திட்டினார்கள். அவர் அசையவில்லை. காரணம் இதுதான். நிறைந்து ஓடும் வாய்க்காலின் கரை தண்ணீரைக் குடித்து ஊறிப்போயிருக்கும். வாய்க்கால் தண்ணீர் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டும் இருக்கும். திடீரென்று தண்ணீரை இறக்கினால் கரைக்குள் ஊறின தண்ணீர் இறங்க நேரமில்லாமல், கனத்தோடு கரை சரியும். ஒரு உடைப்பை அடைக்கப் போய் நாலு சரிவு. மேல்பக்கமும் சும்மா இராது. இரண்டு மீட்டர் ஆழ ஆற்றில் ஷட்டரை டக்கென்று மூடினால் எழும் அலை, ஒன்பது கிலோமீட்டர் மேலே இருக்கிற அடுத்த ரெகுலேட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் போய்த் தட்டும். அங்கே இருக்கிறவருக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும். அப்போது செல்போன் ஏது? சைக்கிளில் ஒரு பையனை அனுப்பிவிட்டுத்தான் அண்ணன் கைப்பிடியைத் தொட்டார். அன்று விடியும்போது உடைப்பு அடைபட்டிருந்தது, வேறு எங்கும் கரை சரியவில்லை. திட்டினவர்களில் ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அண்ணன் ரிடையர் ஆனபோது அந்த ஷட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை எழுதி வைக்கச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன், நாற்பது பக்க நோட்டு. எந்தக் கண்ணில் காடி தேய்ந்திருக்கிறது, எத்தனை சுற்றுக்கு எத்தனை அங்குலம், எந்த மாசத்தில் எவ்வளவு கீழ்மட்டம் இல்லாமல் தூக்கக் கூடாது. அதைப் பின்னால் வந்த பையனிடம் கொடுத்தேன். அந்த இடத்துக்கு அந்த நோட்டுதான் ஹைட்ராலிக்ஸ். ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் இப்படி ஒரு நோட்டு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இன்றைக்கு சர்வீஸில் இருக்கிற நம் தம்பி தங்கைகள் யாராவது இங்கே இருந்தால், உங்கள் பிரிவில் அடுத்து ரிடையர் ஆகப் போகிற லஸ்கரோடு இரண்டு சாயங்காலம் உட்காருங்கள். டீச் செலவுக்குச் சங்கத்தில் கேட்டு வாங்கித் தருகிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் இருந்த கண்ணாடி வாய்க்காலில் ரொம்ப நாளாக உடைந்து கிடந்த கண்ணாடியை, நம் செட் கொடுத்த பணத்தில் மாற்றியிருக்கிறார்கள். பம்ப்பும் ஓடுகிறது. மாலை நாலு மணிக்கு அங்கே சின்ன ஷட்டரை இறக்கி, கீழ்ப்பக்கப் பலகையை ஏற்றி இறக்கி, தாவல் எப்படி நகர்கிறது என்று காட்டப் போகிறோம். குழந்தைகளை அழைத்து வாருங்கள், கைப்பிடியைச் சுற்ற அவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. செருப்பு நனையும்.